இரண்டு மலை தாண்டி நிற்கும் அப்பா

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் ஒரு பெரியவர், தோளில் ஆட்டுத்தோலைப் போட்டுக்கொண்டு, கல் பாவிய முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தார். பின்னால் மலை. மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. முற்றத்தைச் சுற்றி ஜனம். நடுவில் சிவப்புத் துணியால் முகத்தை மூடிய ஒரு பெண்.

"அது யாருண்ணே, ஆடுறாரே?" என்றான் காளியப்பன்.

நான் நிமிர்ந்து பார்க்காமலே ஒரு சொல்லில் பதில் சொன்னேன். அந்த ஒரு சொல் பஹ்ரைனிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, அரியலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து, மணையில் யார் உட்காருவது என்பதையே மாற்றிவிட்டது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் மூட்டைப்பூச்சிகளுக்கும் எனக்கும் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "உங்களால் இதுவரை எந்த உயிருக்காவது பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மூட்டைப்பூச்சிகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றால், யோசித்துத்தான் சொல்லவேண்டும். பிரயோஜனமா, தெரியாது. ஆனால் விளைவு ஒன்று உண்டு. அதைச் சொல்கிறேன்.

ஓசியில் வந்த உலகம்

ஈசா டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் எங்கள் ரூம். மூன்று கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு ஏசி. ஆகவே ஜன்னல் என்பது மரியாதைக்குச் சொல்வது.

முதல் கட்டில் என்னுடையது. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, கையுறை ஆகியவற்றைக் கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்வது என் தொழில்.

இரண்டாவது கட்டில் காளியப்பனுடையது. அதே கம்பெனியில் சாரம் கட்டுகிறவன். அறுபதடி உயரத்தில் குழாயின் மேல் நடப்பான். ரூமில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றச் சொன்னால் பயமாக இருக்கிறது என்பான்.

மூன்றாவது ஆரோக்கியம். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், ஏசி டெக்னீஷியன். கடலே வேண்டாம் என்று மீன்பிடித் தொழிலை விட்டுக் கிளம்பியவன் வந்து சேர்ந்தது ஒரு தீவு. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். அதனால் வாரம் ஒருமுறை மட்டும் சொல்வோம்.

டிவி முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது. கூடவே சேனல்களுக்கான ஒரு கார்டும் வந்தது. அது காலாவதியானதும் தமிழ் சேனல்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. கடைசிவரை உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று. பேச்சு ஆங்கிலத்தில், அடியில் எழுத்து அரபியில், படம் முழுக்க எங்கோ இருக்கிற மனிதர்கள். மரத்தின் மேல் வீடு கட்டுகிறவர்கள், ஒட்டகப் பாலில் தலை குளிக்கிறவர்கள், கலைமான் மேய்க்கிறவர்கள்.

ஆளுக்கொரு போன் இருக்கும்போது டிவி எதற்கு என்று கேட்பீர்கள். போனில் மூன்று பேர் சேர்ந்து பார்க்க முடியாது. பார்த்தாலும் சேர்ந்து திட்ட முடியாது. வெள்ளிக்கிழமை லீவு நாள். சமையல் முறைக்காரன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் டிவியையும் போட்டாக வேண்டும் என்பது ரூமின் எழுதாத சட்டம்.

மூன்று பேரில் ஆங்கிலப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறவன் நான் ஒருவன்தான். அதனால் தமிழில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏழு வருஷமாக அந்த வேலையைச் செய்தேன். சம்பளம் கிடையாது. ஓவர்டைம் உண்டு.

மாஃபி கஃபீல்

உலகத்து மக்களைப் பற்றி அறிஞர்கள் என்னென்னவோ கேள்விகள் கேட்கிறார்கள். எங்கள் ரூமில் கேட்கப்பட்ட கேள்விகளை எந்தப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிற ஒருவரைக் காட்டினார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஒரு மீன் கிடைத்தது.

"இவருக்கு டூட்டி எத்தன மணி நேரம்ணே?" என்றான் காளியப்பன்.

"சொந்தத் தொழில்ப்பா. டூட்டி எல்லாம் இல்ல."

"அப்ப கஃபீலு?"

"கஃபீலும் இல்ல."

விசாவுக்குப் பொறுப்பான முதலாளி இல்லாமல் ஒரு மனிதன் இவ்வளவு குளிரில் உட்கார்ந்திருப்பதை அவனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "மாஃபி கஃபீல்! அப்பறம் எதுக்குண்ணே அங்க கெடக்குறாரு? எந்திரிச்சு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான?"

"எலேய், வீடு அதுக்க பக்கத்துலதாம்ல இருக்கு," என்றான் ஆரோக்கியம். "அந்தா தெரியுது பாரு, கவுத்துப்போட்ட சட்டி மாதிரி." பிறகு என் பக்கம் திரும்பினான். "ஓய், அந்த வீட்டுக்குள்ள என்ன டெம்பரேச்சர் இருக்கும்னு சொன்னானா?"

அது தொழில்முறைக் கேள்வி. சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஊருல நம்ம பொழப்பு ஓடாது," என்றான்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. பஹ்ரைனுக்கு வருமுன் சில காலம் ஜித்தாவில் இருந்தேன். ஷரஃபியாவில் பரோட்டாவுக்குப் பேர்போன ஒரு ஹோட்டல். அங்கேயும் ஒரு டிவி, அதிலும் பனி. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே நாற்பது பேர் சால்னாவில் பரோட்டாவை ஊறவைத்துக்கொண்டு, பனியில் வழுக்கி விழும் ஒரு நாய்க்கூட்டத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தோம். ஒருவரும் சேனலை மாற்றச் சொல்லவில்லை. பார்த்தால் கொஞ்சம் குளிரும் என்று எல்லாருக்கும் ஒரு நப்பாசை. எனக்குக் குளிர்ந்தது. ஆனால் நான் உட்கார்ந்த இடம் ஏசிக்கு நேர் கீழே.

இதற்கு நேரெதிராக ஒன்று. ஜித்தாவுக்குப் பிறகு, பஹ்ரைனுக்கு முன், ஓமானில் சலாலாவில் ஒரு வருஷம் வேலை. பாலைவன நாடுகளிலிருந்து மழை பார்ப்பதற்காகக் குடும்பம் குடும்பமாக அங்கே வருவார்கள். தூறல்தான், நம்மூரில் அதற்குக் குடைகூட எடுக்கமாட்டோம். நான் எடுத்திருந்தேன், ஜலதோஷ உடம்பு. ஒரு குடும்பத் தலைவர் காரை நிறுத்தி, குடையும் கையுமாக நின்ற என்னை வீடியோ எடுத்தார். கொஞ்சம் நடக்கச் சொன்னார். நடந்தேன். திரும்பி வரச் சொன்னார். வந்தேன். குழந்தைகள் கை தட்டின.

இன்றைக்கும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வரவேற்பறையில், நான் நடந்துகொண்டிருப்பேன். என் குடைக்கு அங்கே என்ன அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ! விளக்கம் சொல்கிறவன் என்னை மாதிரி ஆளாக இருந்தால், நான் மழைக்கடவுளின் பூசாரியாகியிருப்பேன்.

சீல் விழுந்த முகம்

காளியப்பனுக்கு வருவோம்.

அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், அவருக்கு லீவு கிடைக்கும் தேதியில்தான் முகூர்த்தம் வைக்க முடியும். அந்தத் தேதி, எங்கள் சைட்டில் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்யும் 'ஷட் டவுன்' நாட்களுக்கு நடுவில் போய் விழுந்தது. அந்த நாட்களில் சாரம் கட்டுகிறவனுக்கு லீவு கிடையாது. எழுதிக் கொடுத்தான். கேன்சல். மறுபடி எழுதிக் கொடுத்தான், இந்தத் தடவை என் ஆங்கிலத்தில். அதுவும் கேன்சல். என் ஆங்கிலம்தான் காரணம் என்று ஆரோக்கியம் சொன்னான்.

அப்பா இல்லாவிட்டால் கன்னிகாதானம் யார் செய்வது? மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க ஒரு தம்பதி வேண்டும். காளியப்பனின் மனைவி, தன் அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைக்கலாம் என்றாள். பெண்ணுக்குத் தாய்மாமன். ஊர் ஒத்துக்கொள்ளும், சாஸ்திரம் ஒத்துக்கொள்ளும். காளியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. மச்சானோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம்.

காரணம் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். மகள் பெரியவளானபோது சீர் கொண்டுவந்த மச்சான், தெருமுனையில் பத்தடிக்குப் பேனர் வைத்தார். அதில் பெண்ணின் அப்பா படம் வேண்டுமே. வீட்டில் தேடியபோது கையில் கிடைத்தது காளியப்பனின் விசா நகல். அதிலிருந்த முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிப் போட்டுவிட்டார். முகத்தில் பாதி முத்திரை. வலது கண்ணின் மேல் ஒரு பிறை, மூக்கில் தேதி.

"ஊரே சிரிச்சிதுண்ணே," என்பான் காளியப்பன். "ஒரு பய கேக்குறான், என்னாண்ணே, ஜெயில்லயா இருக்கீங்கன்னு."

போனில் மச்சானைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டுவிட்டான். அவரும் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார்: "வருசத்துல ஒரு மாசம் வந்துட்டுப் போறவருக்கு இந்த மூஞ்சி போதும்."

அதற்குப் பிறகு மச்சான் வாசற்படி மிதிக்கவில்லை. மிதிக்கக்கூடாது என்பது காளியப்பன் உத்தரவு. இப்போது அந்த மனிதரையே தன் இடத்தில் உட்காரச் சொல்லவேண்டும். "அதுக்கு மணை காலியாவே கெடக்கட்டும்ணே," என்றான். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டான். மூன்று கிலோ குறைந்தான். சாரத்தின் மேல் நிற்கிற ஆள் அப்படிக் குறைவது நல்லதில்லை என்று போர்மேன்கூட என்னிடம் வந்து சொன்னார்.

தாய்மாமன்

இந்த நிலைமையில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சமையல் முறை என்னுடையது. ஒரு கிலோ வெங்காயம் மடியில்.

"அது யாருண்ணே, ஆடுறாரே?"

உண்மையில் எனக்குத் தெரியாது. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, கண்ணில் வெங்காயம். ஆனால் ஏழு வருஷ அனுபவமுள்ள ஒரு மொழிபெயர்ப்பாளன் தெரியாது என்று சொல்ல முடியுமா? கல்யாண வீடு, கலர் துணி, கெத்தாக ஆடுகிற ஆள். நம் பக்கத்தில் அது யாராக இருக்கும்?

"தாய்மாமன்," என்றேன்.

"பாத்தியா, அங்கயும் தாய்மாமன்தான்," என்று ஆரோக்கியம் திருப்தியோடு தலையாட்டினான்.

அதோடு விட்டிருக்கலாம். காளியப்பன் விடவில்லை. "அப்ப அப்பன் எங்கண்ணே?"

இப்போதுதான் நிமிர்ந்தேன். திரையில் தேடினேன். அப்பா உத்தியோகத்துக்குத் தகுதியான வேறு ஆள் யாரும் அகப்படவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று அடுத்ததை எடுத்துவிட்டேன்.

"அப்பா இருக்கக்கூடாது. அவங்க வழக்கம் அப்படி. பொண்ணு கல்யாணத்தன்னிக்கு அப்பா ரெண்டு மலை தாண்டிப் போயி நிக்கணும். எல்லாம் தாய்மாமன்தான் பண்ணணும்."

"ஏன்?"

"பெத்தவன் கண்ணு முன்னாடி பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போகக்கூடாதாம்."

இதைச் சொன்னபோது எனக்கு அவன் மேல் இரக்கம் இருந்ததா என்று பிற்பாடு ஆரோக்கியம் கேட்டான். இருந்தது என்று சொல்ல ஆசைதான். அந்த நேரத்தில் என் கவலையெல்லாம் விசில் நாலா அஞ்சா என்பதில் இருந்தது.

காளியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் ஆடினார். பின்னால் இரண்டு மலை சரியாக நின்றது. என் பொய்க்கு மலைகள் தந்த ஒத்துழைப்பை மறக்க முடியாது.

"அப்பன் சும்மா நிப்பானாண்ணே, அங்க?" என்று கேட்டான்.

"சும்மாதான் நிப்பாரு. சத்தம் கேக்கும்ல, மேளச் சத்தம்."

அன்று சாம்பாரில் உப்பு இல்லை. அதை யாரும் சொல்லவில்லை. காளியப்பன் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது, பின் சீட்டில் அவன் போனில் பேசுவது கேட்டது. "மச்சான்... நாந்தான். இரு, வச்சிடாத." பிறகு எஞ்சின் சத்தம். இறங்கும்போது ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது: "ஒரு நாட்டுல அதான் மச்சான் வழக்கமே. எங்க ரூம்ல படிச்சவரு சொன்னாரு."

மொழிபெயர்ப்பாளன் முன்வாசல் வழியாக அவசரமாக இறங்கிக்கொண்டான்.

மறு ஒளிபரப்பு

மச்சான் வேட்டி எடுத்தார். மச்சான் மனைவி புடவை எடுத்தாள். பேனர் அடித்து அதன் படத்தை அனுப்பினார்கள். அதில் காளியப்பனின் முகம் மாப்பிள்ளையின் முகத்தைவிடப் பெரிது. கண்ணில் பிறை இல்லை, மூக்கில் தேதி இல்லை. அதை ரூமில் எல்லாருக்கும் பெரிதாக்கிக் காட்டினான். சட்டம் போட்டுத் தொங்கவிடும் அளவுக்கு இருந்தது, ஆனால் சுவரில் இடமில்லை.

அப்போதுதான் ஒரு வால்வு வரவில்லை.

எங்கிருந்தோ கப்பலில் வரவேண்டிய ஒரு வால்வு. ஸ்டோரில் அதற்காக அலமாரி ஒழித்து வைத்திருந்தேன். வரவில்லை என்ற செய்தியை முதலில் படித்தவன் நான். அது இல்லாமல் ஷட் டவுன் இல்லை. பத்து நாள் தள்ளிவைத்தார்கள். சாரக்காரர்கள் பாதிப் பேரை லீவில் அனுப்பினார்கள். காளியப்பன் பெயர் முதலில் இருந்தது. கல்யாணத்துக்கு நாலு நாள்.

"யல்லா, பெட்டியக் கட்டுல," என்று ஆரோக்கியம் அவன் முதுகில் ஒரு அடி போட்டான்.

சாயந்தரம் காளியப்பன் அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். சாரம் கட்டுகிறவன் பெட்டி கட்டினால் அதைப் பிரிக்க இன்னொரு சாரக்காரன் வேண்டும். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இவன் நாளை ஊருக்குப் போகிறான். போய், தன் மகள் கல்யாணத்தில் தன் மணையில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப்போகிறான். காரணம், நான் வெங்காயம் உரித்தது. மச்சானை மணையிலிருந்து எழுப்பினால் மறுபடி ஆறு வருஷம் பேச்சு நிற்கும். எழுப்பாவிட்டால் இவனுக்கு ஆயுசுக்கும் குறை.

"காளியப்பா," என்றேன். "அந்த மலை நாட்டுக் கல்யாணம் பாத்தோமே. அதுல ஆடுனவரு தாய்மாமன் இல்ல. எனக்குத் தெரியல, சும்மா சொன்னேன். அப்பா வரக்கூடாதுன்னதும் பொய்."

முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே, "தெரியும்ணே," என்றான்.

"தெரியுமா?"

"போன வெள்ளிக்கெழம மறுக்கா போட்டான். நீங்க முடி வெட்டப் போயிருந்தீங்க." கயிற்றை இழுத்தான். "நீங்க இல்ல. பேச்சு இங்கிலீசு, எழுத்து அரபி. எனக்கு ஒண்ணும் புரியல. அதனால மூஞ்சியப் பாத்தேன். பொண்ணு கெளம்பிப் போவுதுண்ணே. அந்தாளு ஆடிக்கிட்டே இருக்காரு. ஆனா காலு தாளத்துக்கு வுழுவல. எங்கயோ வுழுவுது. தாய்மாமன் எவன்ணே அப்புடி ஆடுவான்?"

நான் முதல் முறை பார்த்தபோது அவர் காலைப் பார்க்கவில்லை.

"அப்பறம் ஏன்டா மச்சான்கிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்றது? எங்க ரூம்ல படிச்சவரு பொய் சொல்லிட்டாரு, எந்திரி மச்சான்னா?"

கட்டிலில் படுத்திருந்த ஆரோக்கியம் போர்வைக்குள்ளிருந்து சிரித்தான். படிச்சவர் கயிற்று முனையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு வருசம் கழிச்சு பேசிட்டான்ணே," என்றான் காளியப்பன். "நான் கேட்டதுக்கு மறுபேச்சு இல்லாம சரின்னான். இப்ப லீவு கெடச்சிடுச்சின்னு, நவுருன்னு சொன்னா நான் மனுசனாண்ணே? நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு மலையெல்லாம் வேணாம். ரெண்டு அடி தள்ளி."

பிறகு பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். "முப்பது கிலோவுக்குள்ள வருமாண்ணே?"

வரும் என்றேன். எனக்குத் தெரியாது.

காலை ஆறரை, டீயோடு

காளியப்பனின் கட்டிலில், அவன் வரும்வரைக்கும் என்று, கம்பெனி ஒரு நேபாளத்துக்காரனைக் கொண்டுவந்து போட்டது. பெயர் பிரேம். எலெக்ட்ரீஷியன். நல்ல பையன் என்று சொல்லமாட்டேன், வயது ஐம்பது. நாங்கள் பேசும் தமிழ் அவனுக்கும், அவன் வீட்டோடு பேசும் நேபாளி எங்களுக்கும் தெரியாது. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக, எல்லாருக்கும் பாதி தெரிந்த இந்தி.

முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே ஒன்பது மணி, இங்கே ஆறரை. ஊர் ஸ்டூடியோக்காரர்கள் லைவ் போடுகிறார்கள் என்று லிங்க் வந்தது. ஆரோக்கியம் தன் போனை டிவியோடு இணைத்தான். மலைகளையும் பனியையும் காட்டிய அதே பெட்டியில் அரியலூர்ப் பக்கத்துச் சமூகக்கூடம் வந்தது. நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் கரகரத்தது. நான் டீயோடு என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். ரிமோட் என் கையில்.

பிரேம் தன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான். ஏன் வாழைமரம், அந்தப் பானைகளில் என்ன, மாப்பிள்ளை ஏன் கோபமாக இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எனக்குப் பழக்கமான வேலை. இந்தியில் எடுத்துவிட்டேன். மாப்பிள்ளைக்குக் கோபம் இல்லை, பட்டாளத்து முகமே அப்படித்தான் என்றேன்.

"ஓய், இதயாவது உள்ளதச் சொல்லும்," என்றான் ஆரோக்கியம்.

மணையில் பட்டு வேட்டியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி. மச்சான்தான். கேமராவைப் பார்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"லட்கீ கா பாப்?" என்றான் பிரேம். பெண்ணின் அப்பாவா?

இதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் ஃபிளெக்ஸ் பேனர், விசா நகல், வால்வு, வெங்காயம், தாய்மாமன் எல்லாவற்றையும் இந்தியில் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த இந்தியில் வால்வு வரைக்கும்தான் போகலாம்.

"ஹாஂ," என்றேன். ஆமாம். மறுபடியும் ஒரே சொல்.

பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார்கள். தாரை வார்க்கத் தண்ணீர் வேண்டும். ஐயர் திரும்பிப் பார்த்தார். திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை செம்பை நீட்டியது. கையும், பாதித் தோளும். அவ்வளவுதான் கேமராவுக்குள் இருந்தது. முகம் வெளியே.

மச்சான் செம்பை வாங்கினார். நீட்டிய கை போகவில்லை. செம்பின் அடியில் அப்படியே இருந்தது. மச்சான் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து அந்தக் கைக்கு இடம் விட்டார். இரண்டு கைகளிலிருந்து ஒரே தண்ணீர் விழுந்தது.

"நஹீ பாய்," என்று பிரேம் கட்டிலிலிருந்து இறங்கி வந்தான். டிவியின் ஓரத்தில், அந்தப் பாதித் தோளின் மேல், விரலை வைத்தான். "பாப் தோ யே ஹை."

இல்லை, அப்பா இவர்தான்.

அந்த ஆளை அவன் பார்த்ததே இல்லை. படுத்திருந்தது மட்டும் அவர் கட்டிலில்.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். "கலாஸ். உமக்க வேல போச்சு, ஓய்."

ஏழு வருஷம் பார்த்த வேலை. நோட்டீஸ்கூடக் கிடையாது. ரிமோட்டை எடுத்து பிரேமின் பக்கம் நீட்டினேன். அதிலிருந்து என் கையை எடுக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.